பச்சை இலைப் படம் போட்ட பாட்டிலை நம்பலாமா? சுற்றுச்சூழலுக்கு ஏற்ற ஒயின் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

சென்னையில் ஒரு ஹோட்டலுக்கு ஒயின் வாங்கிப் போடும் வேலையில் பல வருடம் இருந்தேன். வேலையை விட்டாச்சு, கேள்விகள் என்னை விடவில்லை. கல்யாண ரிசப்ஷனில் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், லிஃப்டில் கேட்பார்கள், டாஸ்மாக்கின் எலைட் கடை அலமாரியைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி "இதுல எது பூமிக்கு நல்லது, சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்பார்கள். சுற்றிச் சுற்றி அதே பதினைந்து இருபது சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன். 21 வயது ஆகாதவர்களுக்கு இது இல்லை. குடிக்காதவர்களை இழுத்துவரும் எண்ணமும் எனக்கு இல்லை.

ஒயினுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்னங்க சம்பந்தம்? திராட்சைச் சாறு புளிச்சா ஒயின், அவ்வளவுதானே?

அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாறு உங்கள் கைக்கு வருவதற்குள் நாலு கட்டம் தாண்டி வருகிறது. முதலில் தோட்டம்: முப்பது நாற்பது வருடம் ஒரே மண்ணில் ஒரே கொடி, சுற்றிலும் வேறு பயிர் இல்லை, பூஞ்சை நோய் சீக்கிரம் பிடிக்கும், அதனால் மருந்து. அடுத்து ஆலை: சாறு நொதிக்கும்போது சூடாகும், அதைக் குளிர வைக்க மின்சாரம், தொட்டி கழுவத் தண்ணீர். மூன்றாவது பாட்டில். நாலாவது அந்தப் பாட்டில் செய்யும் பயணம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கார்பன் கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள், அது கண்ணாடி பாட்டில். மணலையும் சோடாவையும் சுமார் 1,500 டிகிரியில் உருக்கினால்தான் கண்ணாடி, அந்த உலை ராத்திரி பகல் அணையாது. அதனால் இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப பாட்டிலுக்கே வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கானிக், பயோடைனமிக், சஸ்டெய்னபிள், நேச்சுரல்... எல்லாம் ஒண்ணுதானே, பேர்தானே வேற?

ஒன்று இல்லை. ஆர்கானிக் என்றால் செயற்கை உரம், செயற்கைப் பூச்சிமருந்து, களைக்கொல்லி கிடையாது. அதற்குச் சட்டமும் சோதனையும் உண்டு. ஐரோப்பாவில் 2012க்கு முன்னால் 'ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்' என்றுதான் போட முடியும், ஏனென்றால் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு விதி இல்லை. அந்த வருட அறுவடையிலிருந்துதான் 'ஆர்கானிக் ஒயின்' என்று எழுத விட்டார்கள். பயோடைனமிக் என்பது ஆர்கானிக்கோடு வேறு சில சடங்குகளும் சேர்ந்தது, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

சஸ்டெய்னபிள் என்பது அகலமான வார்த்தை. தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் எல்லாம் அதற்குள் வரும், ஆனால் செயற்கை மருந்தும் அளவோடு அனுமதி. நேச்சுரல் என்பதற்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட சட்ட விளக்கம் இல்லை; பிரான்ஸில் 2020ல் தயாரிப்பாளர்களே ஒரு விதிமுறை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். யாராவது 'நேச்சுரல்' என்று சொல்லி இருநூறு ரூபாய் கூடுதலாக வைத்தால், "யார் விதிப்படி நேச்சுரல்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆர்கானிக்னா மருந்தே அடிக்க மாட்டாங்கதானே?

அடிப்பார்கள். சில இடங்களில் அதிகத் தடவைகூட அடிப்பார்கள். திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் ஒரு வாரத்தில் இலை போய்விடும், ஆர்கானிக்காரர் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம் செம்பு. நம் ஊர் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த போர்டோ கலவைதான் அது, மயில்துத்தமும் (செம்பு உப்புதான்) சுண்ணாம்பும். பெயரிலேயே ஊர் இருக்கிறது பாருங்கள். பிரான்ஸில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார், 1885ல் அது மருந்தாக வெளியே வந்தது.

சிக்கல் என்னவென்றால் செம்பு மட்காது. மழை அடித்துப் போனால் மறுபடி தெளிக்க வேண்டும், தெளித்ததெல்லாம் மண்ணில் சேரும், மண்புழு குறையும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு 7 வருடத்தில் மொத்தம் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறது. ஆகவே மழை அதிகம் உள்ள ஊரில் ஆர்கானிக் என்பது கஷ்டமான வேலை, மழை குறைந்த வறண்ட ஊரில் அதே வேலை பாதி சுலபம். சிலி, தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் ஆர்கானிக் பாட்டில்கள் கொஞ்சம் மலிவாகக் கிடைப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

மாட்டுக் கொம்புல சாணி அடைச்சுப் புதைப்பாங்களாமே, நிஜமா?

நிஜம். ருடால்ஃப் ஸ்டெய்னர் என்பவர் 1924ல் விவசாயிகளுக்குக் கொடுத்த சொற்பொழிவுகளிலிருந்து வந்தது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் வைத்து, எடுத்து, அதில் கொஞ்சத்தைத் தண்ணீரில் ஒரு மணிநேரம் கலக்கித் தெளிப்பார்கள். நிலவின் நாள்பார்த்துத்தான் பல வேலைகளும். பஞ்சகவ்யம் தெரிந்த நமக்கு இதில் பாதி புதிதாகவே தோன்றாது.

நாள்பார்ப்பதும் கொம்பும் பலன் தருகிறதா என்றால், அறிவியல் ரீதியாக நிரூபணம் இல்லை. ஆனால் இப்படி நாள் நாளாகக் கொடியைச் சுற்றி வருகிற ஆள், களைக்கொல்லி அடித்துவிட்டு டிராக்டரில் ஏறிப் போகிற ஆளைவிடத் தோட்டத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். இது என் கருத்து. பாட்டிலில் 'டெமிட்டர்' என்று இருந்தால் அது பயோடைனமிக் சான்று, ஆர்கானிக் விதிகளும் அதற்குள் அடங்கும்.

சல்ஃபைட் இல்லாத ஒயின் குடிச்சா தலைவலி வராதாமே?

இந்தக் கேள்விக்குக் கட்டணம் வாங்கியிருந்தால் வேளச்சேரியில் வீடு வாங்கியிருப்பேன். சல்ஃபைட் என்பது ஒயின் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. நீங்கள் சேர்க்காவிட்டாலும் ஈஸ்டே கொஞ்சம் உண்டாக்கும், எனவே பூஜ்யம் சல்ஃபைட் ஒயின் என்று ஒன்று இல்லை. ஐரோப்பிய விதிப்படி சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, வெள்ளைக்கு 200 வரை. ஆர்கானிக் என்றால் 100, 150. இதில் கவனித்தீர்களா, வெள்ளையில்தான் அதிகம். ஆனால் தலைவலி என்று வருகிறவர்கள் எல்லாம் சிவப்பைத்தான் குறை சொல்வார்கள். பாயசத்தில் போடும் தங்கநிறக் கிஸ்மிஸுக்கும் அந்த நிறம் நிற்பது சல்ஃபரால்தான், அதைச் சாப்பிட்டு யாரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது, அவர்கள் டாக்டரைக் கேட்கட்டும்.

சிவப்பு ஒயின் தலைவலிக்கு குவர்செட்டின் என்கிற, திராட்சைத் தோலில் இருக்கும் பொருள் காரணமாக இருக்கலாம் என்று 2023ல் கலிஃபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பல பேருக்கு அதைவிடச் சுலபமான காரணம் இருக்கிறது: தண்ணீர் குடிக்காமல் மூணு கிளாஸ்.

அப்போ ஆர்கானிக் ஒயின் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றது?

ஆல்கஹால் ஆல்கஹால்தான். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் இருக்கிறது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. ஆர்கானிக் என்பது மண்ணுக்கும் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவருக்கும் செய்யும் உபகாரம், உங்கள் ஈரலுக்கு அதில் சலுகை எதுவும் இல்லை.

பாட்டில் கனமா இருந்தா சரக்கு ஒசத்தின்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை, இங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். போன வருடம் வீட்டில் இருந்த இரண்டு காலி பாட்டில்களைச் சமையலறைத் தராசில் வைத்தேன், மைசூர்பாக்கு செய்யும்போது சர்க்கரை நிறுப்பேனே அந்தத் தராசுதான். திருகு மூடி போட்ட ஒரு நியூசிலாந்து வெள்ளை, 395 கிராம். தோள் அகலமாக, அடியில் கட்டைவிரல் முழுக்க உள்ளே போகிற குழியோடு இருந்த ஒரு சிவப்பு, 880 கிராம். இரண்டிலும் 750 மில்லிதான் இருந்தது, அதாவது முக்கால் கிலோகூட இல்லை. ஒயினைவிடக் கண்ணாடி அதிகம் வாங்கியிருக்கிறேன்! பன்னிரண்டு பாட்டில் பெட்டிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 6 கிலோ கண்ணாடி சும்மா உருகி, சும்மா கப்பலேறி, சும்மா லாரியேறி வந்திருக்கிறது.

அடியில் உள்ள குழி ஆழமாக இருந்தால் தரம் என்பதும் கதைதான். ஷாம்பெயினுக்கு மட்டும் நியாயமான காரணம் உண்டு. உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், மெல்லிய கண்ணாடி வெடித்துவிடும். அவர்களே 900 கிராமிலிருந்து 835க்கு இறக்கிவிட்டார்கள். குமிழி இல்லாத ஒயினுக்கு 2023ல் சில பெரிய விற்பனையாளர்கள் சேர்ந்து, சராசரி 550 கிராமாக இருக்கும் பாட்டிலை 2026 முடிவதற்குள் 420க்குக் கொண்டுவருவோம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

கடையில் தராசு இருக்காது. ஆனால் ஒரே விலையில் இரண்டு பாட்டிலைக் கைக்கு ஒன்றாக எடுத்தால் போதும், கை சொல்லிவிடும். வீட்டில் காலியானதை நிறுத்து போனில் குறித்து வைத்துக்கொண்டால், பத்து பாட்டிலுக்குள் உங்களுக்கே ஒரு பட்டியல் வந்துவிடும்.

காலி பாட்டிலை பேப்பர் கடையில போட்டா ரீசைக்கிள் ஆயிடும்தானே?

பீர் பாட்டில் என்றால் வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் அது ஒரே அளவு, கழுவி மறுபடி நிரப்ப ஆலைக்குப் போகும். ஒயின் பாட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு பச்சை. எங்கள் தெரு காயலான் கடை அண்ணாச்சி மேலே சொன்ன அந்த 880 கிராம் பாட்டிலை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், உலக்கை மாதிரி இருக்கு, இத யார் எடுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குப்பை வண்டியில் போட்டால் கொடுங்கையூர் அல்லது பெருங்குடி மலையில் இன்னொரு கல்.

டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022ல் நீலகிரியில் ஆரம்பித்தது. காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது வந்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. உங்கள் கடையில் அந்தத் திட்டம் இருந்தால் பத்து ரூபாய்க்காக இல்லாவிட்டாலும் கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லையென்றால் கண்ணாடி தனியாக எடுக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதற்கும் முந்தைய பதிலில் சொன்னதுபோல இலகுவான பாட்டிலாக வாங்கினால் தொல்லை பாதி.

கார்க் போட்டா மரத்தை வெட்டுறாங்க, அதனால திருகு மூடிதானே நல்லது?

மரத்தை வெட்டுவதே இல்லை. கார்க் என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. மரத்துக்கு சுமார் 25 வயதானதும் முதல் தடவை உரிப்பார்கள், பிறகு 9 வருடத்துக்கு ஒரு முறை, மரம் இருநூறு வருடம்வரை நிற்கும். உலகக் கார்க்கில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. கார்க்குக்கு விலை இருக்கும்வரைதான் அந்தக் காடும் இருக்கும். திருகு மூடி அலுமினியம், செய்வதற்கு மின்சாரம் அதிகம், ஆனால் கார்க்கால் ஒயினில் ஈரத்துணி வாசனை ஏறும் பிரச்சினை இல்லை, ஊற்றிக் கொட்ட வேண்டியதில்லை. இதில் சண்டை போடாதீர்கள், இரண்டும் பாட்டில் கண்ணாடிக்கு முன்னால் தூசு.

பெட்டியில வர்ற ஒயின், கேன்ல வர்ற ஒயின் எல்லாம் மட்டமான சரக்கு இல்லையா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது பையை உள்ளே வைத்த 3 லிட்டர் பெட்டியில் நல்ல ஒயினும் வருகிறது, நாலு பாட்டில் கண்ணாடி மிச்சம், திறந்த பிறகும் காற்று புகாததால் சில வாரம் தாங்கும். வருடக்கணக்கில் வைத்துக் குடிக்க அது ஆகாது. ஆனால் நம்மில் யார் வருடக்கணக்கில் வைக்கிறோம்? சென்னைக் கடைகளில் இது கண்ணில் படுவதே அபூர்வம் என்பதுதான் வருத்தம்.

கேனில் நம் நாட்டு ஒயின் நிறுவனங்களான சுலா, ஃப்ராடெல்லி இரண்டு பேருமே போட்டிருக்கிறார்கள், குமிழி உள்ள லேசான வகைகள். கேனுக்கு ஒரு தனி அனுகூலம்: முன்னால் சொன்ன அண்ணாச்சி அலுமினியத்தை வேண்டாம் என்று சொன்னதே இல்லை, கிலோவுக்கு நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்.

ஒரு கிளாஸ் ஒயினுக்கு 110 லிட்டர் தண்ணியாமே? 2019ல குடத்தோட நின்ன ஊர் சார் இது!

எண் சரி. 125 மில்லி கிளாஸுக்கு உலக சராசரி 110 லிட்டர் என்றுதான் தண்ணீர்க் கணக்குப் போடுகிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி தோட்டத்தில் பெய்த மழை, அது திராட்சை இல்லாவிட்டாலும் அங்கேதான் பெய்திருக்கும். அதே கணக்கில் ஒரு சின்ன கப் காபிக்கு சுமார் 130 லிட்டர், காலையில் டிகிரி காபி குடிக்கும்போது யாரும் என்னைக் கேட்டதில்லை.

கேட்க வேண்டியது எந்த ஊர் தண்ணீர் என்பதுதான். நிலத்தடி நீர் வற்றிய வறண்ட பகுதியில் போர் போட்டு இறைத்த நூறு லிட்டரும், நல்ல மழை ஊரின் நூறு லிட்டரும் ஒன்றாகாது. சொட்டுநீர்ப் பாசனம், ஆலையில் கழுவிய நீரைச் சுத்தம் செய்து மறுபடி தோட்டத்துக்கு விடுவது, கொடி வரிசைகளுக்கு நடுவில் சணப்பை மாதிரி பயிர் விதைத்து மண் ஈரத்தைக் காப்பது, இவற்றை எந்த நிறுவனம் எண்ணோடு எழுதியிருக்கிறதோ அதை நம்பலாம். 'நீரை நேசிக்கிறோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நாசிக் ஒயின் நம்ம நாட்டுது, பக்கம், அதனால அதுதானே நல்லது? ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டுவரணுமா?

இது கொஞ்சம் வளைந்த கேள்வி. நாசிக்கிலிருந்து சென்னைக்கு சாலையில் சுமார் 1,300 கி.மீ., லாரியில் வரும். ஒரு டன்னை ஒரு கி.மீ. இழுக்க லாரிக்கு ஆகும் எரிபொருள் பெரிய கப்பலைவிடப் பல மடங்கு, அதனால் கடலில் பல ஆயிரம் கி.மீ. வந்தது தானாகவே குற்றவாளி ஆகிவிடாது. இலகுவான பாட்டிலில் கப்பலில் வந்த ஒயின், உலக்கை பாட்டிலில் லாரியில் வந்த ஒயினோடு கிட்டத்தட்டச் சமமாக நிற்கலாம். பெங்களூரு பக்கத்து நந்தி மலை ஒயின் என்றால் 400 கி.மீ.க்குள், அங்கே தூரம் உண்மையிலேயே உதவுகிறது.

தோட்டத்தைப் பார்த்தால் இந்தியாவுக்கென்று ஒரு சிரமம் உண்டு. நம் வெயிலில் கொடி குளிர்காலத் தூக்கம் போடாது, அதனால் நாசிக்கில் வருடத்துக்கு இரண்டு கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது: ஏப்ரல் வாக்கில் ஒன்று, செப்டம்பர் அக்டோபரில் ஒன்று. இரண்டாவது கவாத்துக்குப் பிறகு இளந்தளிர் வரும்போது மழை பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன அடிச்சாம்பல் நோய், மருந்து, மறுபடி மருந்து. பழுப்பது மட்டும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், வறண்ட காலம், அது ஒரு நல்ல விஷயம். மின்சாரத்தில் நம் ஊர்க்காரர்கள் பின்தங்கவில்லை. சுலா பெரிய அளவில் சூரிய மின்சாரத்துக்குப் போயிருக்கிறது.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், சாதாரண நாளுக்கு நாசிக் அல்லது நந்தி மலை, இலகுவான பாட்டில். விசேஷத்துக்கு மட்டும் வெளிநாடு. இறக்குமதி ஒயினுக்கு 150 சதவீதம் சுங்கவரி என்று இருந்த காலத்தில் என் பர்ஸே இந்தக் கொள்கையை எழுதிவிட்டது. 2022 கடைசியில் ஆஸ்திரேலிய ஒப்பந்தம் வந்த பிறகு அந்த ஊர் பாட்டில்களுக்கு வரி குறைய ஆரம்பித்திருக்கிறது.

நம்ம கம்பம் பன்னீர் திராட்சை இருக்கே, அதுல பண்ணா ரொம்பவே லோக்கல் ஆச்சே?

பண்ணலாம், பண்ணியும் இருக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதன் இன்னொரு பெயர் மஸ்கட் ஹாம்பர்க், வாசனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே வருடம் முழுக்கப் பழம் பறிக்கிறார்கள், அதுதான் கம்பத்தின் பெருமை. வருடம் முழுக்க இலையும் காயும் இருந்தால் பூஞ்சைக்கும் வருடம் முழுக்க வேலை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்து ஊர் என்பதாலேயே மருந்து குறைவு என்று ஆகிவிடாது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஜாடியில் போடலாமா என்று ஒவ்வொரு நவம்பரிலும் ஒருவர் கேட்பார். பாட்டி காலத்து வழக்கம்தான், ஆனால் 1937 மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. அதனால் செய்முறை என்னிடம் கேட்காதீர்கள்.

மச்சான் துபாய்ல இருந்து ஃப்ளைட்ல ரெண்டு பாட்டில் கொண்டுவர்றான், அதுல என்ன கார்பன்? ஃப்ளைட் எப்படியும் வரத்தானே போகுது?

ஃப்ளைட் வரும், ஆனால் எடை ஏறினால் எரிபொருளும் ஏறும், கப்பலோடு ஒப்பிட்டால் விமானச் சரக்கு எத்தனையோ பத்து மடங்கு மோசம். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். மச்சானிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அங்கே வாங்கித் தூக்கிக்கொண்டு வராமல், மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு வருகைப் பகுதி டியூட்டி ஃப்ரீயில் வாங்கட்டும். அவன் தோளுக்கும் நல்லது.

நாங்க சுத்த சைவம். ஒயின்ல என்னங்க அசைவம் இருக்கப் போகுது?

மயிலாப்பூர் மாமி ஒருவர் மகனுக்காகக் கேட்டது, நல்ல கேள்வி. புது ஒயின் கலங்கலாக இருக்கும், அதைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை இவற்றில் ஒன்றைப் போடும் வழக்கம் உண்டு. அது கசடோடு அடியில் தங்கிவிடும், ஆனாலும் போட்டது போட்டதுதான். பென்டொனைட் என்ற களிமண்ணைப் போட்டும் தெளிய வைக்கலாம், சிலர் எதுவும் போடாமல் தானாகத் தெளிய விடுவார்கள். 'வீகன்' என்று எழுதியிருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆர்கானிக் என்றாலே வீகன் என்று நினைத்துவிடாதீர்கள், ஆர்கானிக் முட்டையும் முட்டைதான்.

சரி, கடையில நிக்கிறேன். லேபிள்ல எதைப் பார்க்கணும், ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால்: பின்பக்கம். முன்பக்கம் கவிதை, பின்பக்கம் கணக்கு. ஐரோப்பிய ஆர்கானிக் என்றால் பச்சைப் பின்னணியில் வெள்ளை நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரு இலை வடிவம், அதன் கீழே எந்த அமைப்பு சோதித்தது என்று ஒரு குறியீட்டு எண். நட்சத்திரம் இல்லாத, எண் இல்லாத வெறும் இலைப் படம் ஓவியர் வரைந்தது. தென்னாப்பிரிக்க பாட்டிலில் கழுத்தில் சின்னப் பட்டை ஒட்டியிருக்கும், அதில் உள்ள எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். நியூசிலாந்து என்றால் அந்த நாட்டுத் தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி அவர்களுடைய சஸ்டெய்னபிள் திட்டத்துக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் ஆர்கானிக் உணவுக்கு 'ஜைவிக் பாரத்' முத்திரை.

2023 டிசம்பருக்குப் பிறகு தயாரான ஐரோப்பிய ஒயினில் என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியலும் கட்டாயம், பெரும்பாலும் கியூஆர் கோடாக இருக்கும். இதெல்லாம் பார்க்க எலைட் கடைதான் வசதி, உள்ளே போய்க் கையில் எடுத்துத் திருப்பலாம். கம்பிக்குப் பின்னால் நின்று கேட்கும் கடையில் நடக்காது. (ஊரெல்லாம் 'ஒயின் ஷாப்' என்று சொல்கிறோம், அங்கே தேடினால் கிடைக்காத ஒரே பொருள் ஒயின்.)

சர்டிபிகேட் இருந்தா கண்ணை மூடிட்டு நம்பலாமா? இல்லாதவங்க எல்லாம் திருடங்களா?

இரண்டுமே இல்லை. பிரான்ஸில் எச்.வி.இ. என்று ஒரு முத்திரை உண்டு, 'உயர்ந்த சுற்றுச்சூழல் மதிப்பு' என்று பொருள். அதை வாங்க முன்பு இரண்டு வழி இருந்தது. இரண்டாவது வழியில், மருந்து உரம் போன்றவற்றுக்கான செலவு மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், பாட்டிலை மூவாயிரத்துக்கு விற்கிறவர் எவ்வளவு மருந்து அடித்தாலும் சதவீதம் குறைவாகத்தான் வரும்! நிறையப் பேர் கத்திய பிறகு 2023ல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். ஆகவே முத்திரையைப் பார்த்தால் அது எதை அளக்கிறது என்றும் கேளுங்கள்.

இன்னொரு பக்கம், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சோதனைக் கட்டணமும் காகித வேலையும் சுமை, அதனால் ஆர்கானிக்காகவே செய்துவிட்டு முத்திரை வாங்காமல் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். ஹோட்டலில் இருந்தபோது விற்பனைக்கு வந்த பிரதிநிதிகளிடம் ஒரே கேள்வி வைத்திருந்தேன்: "போன வருடம் எத்தனை தடவை மருந்து அடித்தீர்கள், என்ன மருந்து?" பதில் தெரிந்தவர்களும், தெரியாமல் கேட்டுச் சொல்கிறேன் என்று மறுநாளே போன் செய்தவர்களும் என் பட்டியலில் வந்தார்கள். "எங்க ஒயின் இயற்கையோட அரவணைப்பு சார்" என்றவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மண்ணு, தண்ணின்னு பேசறோம், பறிக்கிற ஆளுங்களுக்கு என்ன கூலி?

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. தென்னாப்பிரிக்கத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுக்கும் 'டாப்' என்ற வழக்கம் இருந்தது, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் குடிக்கு அடிமையாக்கியது. சட்டத்தில் தடை செய்த பிறகும் அதன் வடு அந்த ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஃபேர்டிரேட் முத்திரை உள்ள ஒயின்கள் அங்கிருந்தும் சிலி, அர்ஜென்டினாவிலிருந்தும் வருகின்றன. கூலி, சங்கம், சமூக நிதி பற்றி அதில் விதிகள் உண்டு. ஆர்கானிக் முத்திரை கூலியைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லாது.

சென்னை வெயில்ல வைக்க தனி ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கணுமா? அது ஓடற கரண்ட் கணக்குல வராதா?

வரும். நாலு பாட்டிலுக்காக வருடம் முழுக்க ஒரு பெட்டி ஓட வேண்டாம், தேவைக்கு வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைத்து இரண்டு மூன்று வாரத்தில் குடித்துவிடுங்கள். ஆனால் வெளியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு மே மாதம் பரணில் ஒரு ஆர்கானிக் பாட்டிலை மறந்துவிட்டேன், சல்ஃபைட் குறைவான வகை. எடுத்துப் பார்த்தால் கார்க் அரை அங்குலம் வெளியே தள்ளி, மேல் உறை ஒட்டிப்போய், ஓரத்தில் பிசுபிசுவென்று ஒழுகிய கறை. ஊற்றினால் வெந்த கொடிமுந்திரி வாசனை. யாரோ ஒருவர் களைக்கொல்லி அடிக்காமல் கையால் களை பிடுங்கி வளர்த்த பழம், அத்தனை தூரம் வந்து எங்கள் வீட்டு சிங்க்கில் போனது. அன்றிலிருந்து, சல்ஃபைட் குறைவாக உள்ளதை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வாங்குவதே இல்லை. திறந்த பாட்டிலில் மீதி இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில், மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் மட்டன் குழம்பில் ஒரு கை ஊற்றுங்கள், கேட்பவர்களுக்குப் புளி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு கணக்குப் பார்க்கறதுக்குக் குடிக்காமலே இருந்துடலாமே?

என் அத்தை கேட்டது. இருந்துவிடலாம், கார்பனுக்கும் உடம்புக்கும் பர்ஸுக்கும் அதைவிட நல்ல வழி இல்லை என்று ஒத்துக்கொண்டேன். அத்தை தலையை ஆட்டிவிட்டு, அண்ணாச்சி திருப்பிக் கொடுத்த அந்த 880 கிராம் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார், "நல்ல கனமா இருக்கு, காத்துக்கு விழாது" என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். இப்போது நங்கநல்லூர் பால்கனியில் அதில் மணி பிளான்ட் இருக்கிறது.